மேடை ஓரத்தில் சித்தப்பா

செவ்வாய் இரவு, இல்ஃபோர்ட்

பழுதான ஹார்ட் டிஸ்க்கிலிருந்து என் கல்யாணப் படங்களை மீட்டுத் தந்தார்கள். ஒரே படம் மூன்று நான்கு தடவை கிடந்தது. இரட்டைப் படங்களை நீக்கும் மென்பொருளைப் போட்டேன். அது மேடையில் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் ஒன்றென்றது.

"ஒண்டை வைச்சிட்டு மிச்சத்தை அழியன்" என்றார் பக்கத்தில் இருந்த அண்ணை.

அழிக்கும் முன் திறந்து பார்த்தேன். நானும் என் கணவரும் எல்லாவற்றிலும் ஒரே சிரிப்போடு நிற்கிறோம். பக்கத்தில் நிற்பவர்கள்தான் மாறுகிறார்கள். ஒன்றில் சித்தப்பா, ஷிப்ட் முடிந்து ஓடிவந்த அதே வேலை உடுப்போடு. போன கிழமை அவருடைய மரண அறிவித்தலுக்கு நல்ல படம் கிடைக்காமல் பாஸ்போர்ட் படத்தைத்தான் போட்டோம்.

மென்பொருளை மூடிவிட்டேன். முப்பத்தொன்றாம் நாள் நினைவு மலரில் இந்தப் படம்தான் வரும். மிச்சத்தை ஒவ்வொன்றாக நானே பார்ப்பேன், ஓரத்தில் நிற்பவர்களை முதலில்.