‘நல்ல தண்ணி’ என்று எழுதியிருந்தீர்கள்

என் அன்பான இஞ்சாருங்கோ,

உங்கள் அம்மா உங்கள் அப்பாவைக் கூப்பிடுவதைக் கேட்டு, உங்கள் யாழ்ப்பாணப் பேச்சிலிருந்து நான் எடுத்துக்கொண்ட ஒரே சொல் இது. மற்றதையெல்லாம் நாற்பது வருடம் திருத்திக்கொண்டே இருந்தேன். அதனால் வந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உங்கள் மீன் செத்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை தேநீரோடு முன்னறைக்கு வந்தேன். பவளக் கல்லின் பக்கத்தில் சரிந்து கிடந்தது. முதல்நாள் மாலை என் விரல் நுனியிலிருந்து இரை எடுத்த மீன். செம்மஞ்சள் மங்கவில்லை, உடம்பில் ஒரு புள்ளியில்லை. தண்ணீர் தெளிவாக இருந்தது, காற்றுக் குழாய் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

உங்கள் கையால் சாப்பிட்ட கடைசி உயிர் அது. நான் அழவில்லை. யார் செய்தது என்றுதான் யோசித்தேன்.

தொட்டியின் மரச்சட்டத்தில் நீங்கள் ஒட்டிய காகிதத் துண்டு இன்னும் இருக்கிறது. ஆஸ்பத்திரி மருந்துப் போத்தல்களில் எழுதிய அதே கையெழுத்து. ‘கிழமைக்கு ஒருமுறை. வற்றிய அளவுக்கு நல்ல தண்ணி விடவும்.’ நான் சிவப்பு மையால் ‘தண்ணி’யைத் ‘தண்ணீர்’ ஆக்கினேன். நீங்கள் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டீர்கள். கடல் மீனுக்கு நல்ல தண்ணீர் என்றால் நல்ல கடல் தண்ணீர்தானே? மரக்கறி லொறிக்காரர் ஹனீபா கரையோரத்திலிருந்து கேனில் கொண்டுவருவதைத் துணியில் வடித்து, சனிக்கிழமை தவறாமல் ஊற்றினேன். நீங்கள் போன பிறகு ஒரு கிழமைகூடத் தவறவில்லை.

ஆகவே என் சந்தேகம் லெட்சுமி மேல்தான் விழுந்தது. மேல் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து பதினொரு வருடம் நம் வீட்டு வேலைக்கு நடந்து வந்தவள். மீனுக்குத் ‘தொரை’ என்று பெயர் வைத்தவளும் அவள்தான். “தொரை இன்னும் எந்திரிக்கலையா? பெரட்டுக்கு ஆளுக வந்து நிக்கிறாங்க!” என்று, காலையில் தோட்டத்து ஆள்கணக்கு எடுக்கவேண்டிய துரையை எழுப்புவது போலக் கண்ணாடியைத் தட்டுவாள். நீங்கள் படுக்கையில் இருந்தே சிரிப்பீர்கள்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று. மூன்று மாதத்துக்கு முன் அவளை நிறுத்திவிட்டேன். ஒரு காலை, குசினிச் செம்போடு தொட்டி முன்னால் நின்றாள்.

“என்னடி ஊற்றுகிறாய்?”

“நல்ல தண்ணிதாங்கம்மா.”

“பைப் தண்ணீரையா? கடல் மீனுக்கா?”

“ஐயா சொன்னதுதாங்க. வத்த வத்தக் கொஞ்சம் ஊத்துறேங்க.”

“செத்தவரைச் சாட்சிக்கு இழுக்காதே. பொய்க்காரி!”

அவள் செம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். நம் தெருவில் மூன்று வீடுகளில் நான் அவளைப் பற்றிச் சொன்னேன். அவர்களும் அவளை வேலைக்கு எடுக்கவில்லை.

அவள் போன பிறகு தொட்டித் தண்ணீர் வேகமாகக் குறைந்தது. முன்பு சனிக்கிழமை ஒரு கோப்பை போதும், பிறகு அரை வாளி பிடித்தது. கண்ணாடி விளிம்பில் வெள்ளையாக ஏதோ படிந்தது. தூசி என்று துடைத்தேன். பிள்ளைகளின் கொப்பியில் ஒரு புள்ளி தவறினால் கண்டுபிடித்த கண் இது.

மீன் செத்த அன்று உங்கள் மேசை இழுப்பறையில், உப்பு பார்க்கும் கண்ணாடிக் குழாயைத் தேடி எடுத்தேன். உப்பு சரியாக இருந்தால் தண்ணீர் மட்டம் தொடும் இடத்தில் நீங்கள் அதில் சிவப்புக் கோடு போட்டிருந்தீர்கள். பைப் தண்ணீர் கலந்திருந்தால் அது அமிழும், லெட்சுமியின் குற்றம் நிரூபணமாகும் என்று நினைத்தேன். தொட்டியில் விட்ட குழாய் அமிழவில்லை. கோடு தண்ணீருக்கு மேலே, வெகு மேலே வந்து நின்றது.

மறுநாள் ஹனீபா கேனோடு வந்தார். குழாயைக் காட்டினேன். விரலைத் தொட்டியில் நனைத்து நாக்கில் வைத்தவர் முகத்தைச் சுளித்தார்.

“டீச்சர், இதுக்குள்ள என்ன ஊத்தினீங்க?”

“நீங்கள் கொண்டுவருவதைத்தான்.”

“ஒவ்வொரு கிழமையுமா? அல்லாவே! வத்திப் போறது தண்ணி மட்டும்தானே. உப்பு எங்க போகும்? எங்கட பக்கம் உப்பு எடுக்கிறது இப்படித்தான். மீன் தொட்டிக்குள்ள உப்பளம் போட்டிருக்கீங்க.”

“வேறு எதை ஊற்றுவது?”

“நல்ல தண்ணிதான்” என்றார், பச்சைப் பிள்ளைக்குச் சொல்வது போல.

அப்போதுதான் உங்கள் அம்மா வீடு ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் போயிருந்தோம். முற்றத்துக் கிணறு உவர். குடிக்க நல்ல தண்ணி அள்ள மாமி என்னை அடுத்த ஒழுங்கைக்கு அனுப்பினார். “அப்போ இது கெட்ட தண்ணியா?” என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். “உவ மலையில பிறந்த பதுளைக்காரி. உவவுக்கு எல்லாத் தண்ணியும் நல்ல தண்ணிதான்” என்றீர்கள். கோபத்தில் அந்தச் சொல்லைத் திருத்தினேனே தவிர, அதன் பொருளை மனதில் வைக்கவில்லை.

நேற்று லயத்துக்கு ஏறிப் போனேன். லெட்சுமி வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள்.

“தொரை செத்துட்டாருங்களா?”

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“நீங்க இவ்ளோ தூரம் ஏறி வந்திருக்கீங்களே.”

மன்னிப்புக் கேட்டேன். வேலைக்குத் திரும்பி வரச் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

“வேணாங்கம்மா. மீனைக் கொன்னுட்டேன்னு சொல்லியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். ஐயா பேரைச் சொல்லிப் பொய் சொன்னேன்னு சொன்னீங்களே.”

“ஐயா ஏன் என்னிடம் சொல்லாமல் உன்னிடம் சொன்னார்?”

அவள் பிளந்த விறகைக் காலால் ஓரமாக ஒதுக்கினாள்.

“அம்மா திருத்துவாங்க, கேக்க மாட்டாங்க. நீ பாத்துக்க லெட்சுமின்னாரு.”

அந்த வாக்கியத்தில் திருத்த ஒன்றுமில்லை. உண்மையாகவே அப்படிச் சொன்னீர்களா? படுத்த படுக்கையாக இருந்தபோதும் என்னிடம் ஒரு சொல்லை விளக்க உங்களுக்குப் பயமா? இனி யாரிடம் கேட்பேன்?

இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். எல்லோரும் அறிய எழுதுகிறேன்: லெட்சுமி பொய் சொல்லவில்லை. நீங்கள் சொன்னதைத்தான் செய்தாள். அவள் செம்பு இருந்தவரை மீன் உயிரோடிருந்தது. நம் தெருவில் பத்திரிகை வாங்காதவர்களும் உண்டு. ஞாயிறு பூசை முடிந்ததும் அந்த மூன்று வீட்டுக் கதவையும் நானே தட்டி, இதே வார்த்தைகளில் சொல்வேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

துண்டில் நான் போட்ட சிவப்பு மை அழியவில்லை. அப்படியே இருக்கட்டும்.

உங்கள் மனைவி,
பதுளைக்காரி