பின்னால் போன ஸ்லைடு

இன்று காலை பேட்டரி தேடி மேசை டிராயரைக் கவிழ்த்தபோது அந்த ரிமோட் வந்து விழுந்தது. ஸ்லைடு மாற்றுகிற சின்னக் கறுப்பு ரிமோட். பின்மூடி உடைந்ததற்கு நீ ஒட்டிய பிளாஸ்திரி இன்னும் அப்படியே இருக்கிறது. காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியடி அது. "அதுக்கும் வலிக்கும்ல" என்று சொல்லிக்கொண்டே ஒட்டினாய். அதைப் பார்த்த பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், காபியைப் போட்டு ஆறவிட்டேன். பத்து மணிக்கு நம் கல்லூரியில் நான் நடுவர். அதே கேஸ் போட்டி, அதே அரங்கம்.

கூப்பிட்டது நம் கிளாஸ் ரெப். அவன் இப்போது அங்கேயே வாத்தியார். "வந்து அந்த ரிமோட் கதையச் சொல்லு. பசங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க" என்றான். எந்தக் கதை என்று உனக்குத் தெரியும். ஒன்பது வருஷமாகப் போகிற இடமெல்லாம் நான் சொல்லிச் சிரிக்கவைத்த கதை.

கேஸ் போட்டி என்றால் என்னவென்று என் அப்பாவுக்குப் புரியவைக்கவே ஒரு வாரம் ஆயிற்று. ஒரு கம்பெனியின் சிக்கலைக் கையில் கொடுப்பார்கள். சில நாளில் வழி கண்டுபிடித்து, நடுவர்கள் முன்னால் பத்து நிமிஷத்தில் சொல்ல வேண்டும். "ஊரான் கடைக்கு நீ எதுக்கு ஓசில யோசனை சொல்லணும்?" என்றார். அவருக்குச் சேலைக் கடை. ஜெயித்தால் பெங்களூரில் இன்டர்ன்ஷிப் என்றதும் ஒரு வாக்குக் கொடுத்தார். அது கிடைத்தால் மாப்பிள்ளை பார்ப்பதை நிறுத்திவைப்பாராம். எனக்கு அந்தப் போட்டி விளையாட்டில்லை. அதை உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

நமக்கு வந்தது ஒரு பால் கம்பெனி. விலை கூட்டிக் கொடுத்தும் மாடு வைத்திருப்பவர்கள் ஏன் வேறு ஆளுக்குப் பால் ஊற்றப் போகிறார்கள் என்பது கேள்வி. நான் லைப்ரரியில் கிராஃப் போட்டுக்கொண்டிருந்தேன். நீ வந்து லேப்டாப்பை மூடினாய். "எங்க ஊருக்கு வா கழுத. மாடு வச்சிருக்கவுகளயே கேப்போம்."

ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டி பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். வீட்டில் சௌராஷ்டிரம் பேசி வளர்ந்த என் தமிழைக் கேட்டு உங்கள் தெருப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். "இந்தப் புள்ள நியூஸ் வாசிக்கிற மாதிரில்ல பேசுது!" மாடு வைத்திருக்கும் பதினோரு பெண்களிடம் பேசினோம். சாணி அள்ளிக்கொண்டே ஒருவர் சொன்னார்: "கம்பெனிக்காரன் பாலத்தான் பாப்பான், மாட்டப் பாக்க மாட்டான். பால்காரரு அப்பிடியில்ல. மாடு தீனி எடுக்கலைன்னா டாக்டரக் கூட்டியாந்துருவாரு." நீ அதை ஒரு எழுத்து மாறாமல் நோட்டில் எழுதினாய். நம் தீர்வு மொத்தமும் அந்தப் பேச்சில்தான் இருந்தது.

இறுதிச் சுற்று அன்று காலை கேன்டீனில் பக்கத்து மேசை அணி, முந்நூறு பேரிடம் கேட்டோம், ஐந்நூறு பேரிடம் கேட்டோம் என்று பேசிக்கொண்டிருந்தது. பதினொன்று என்று போட்டால் சிரிக்க மாட்டார்களா? நீ டீ வாங்கப் போன நேரத்தில் ஏழாவது ஸ்லைடைத் திறந்து 'இருநூறு பெண்களிடம் கேட்டோம்' என்று மாற்றினேன். நீ டீயோடு வந்தாய். நான் வாங்கிக் குடித்தேன்.

மேடையில் பேசுவது நான், ரிமோட் உன் கையில். ஏழாவது ஸ்லைடு வந்தது. நீ அதைப் பார்த்தாய். மறு நொடியே திரையில் பழையபடி ஆறாவது ஸ்லைடு, அந்த மாட்டுப் படம். "நெக்ஸ்ட் ஸ்லைடு ப்ளீஸ்" என்றேன். நீ அசையவில்லை. மறுபடியும் சொன்னேன். ரிமோட்டை மேசைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாய். நான் என்னென்னவோ உளறினேன். மாடு எல்லோரையும் பார்த்துக்கொண்டே நின்றது. அரங்கம் சிரித்தது. மணி அடித்துவிட்டார்கள்.

வெளியே ரெப் ஓடிவந்தான். "என்னாச்சு?" நான் உன் முகத்தைப் பார்க்காமலே சொன்னேன்: "இவளுக்குக் கை நடுங்கிருச்சு. பட்டன மாத்தி அமுக்கிட்டா." நீ மறுத்திருக்கலாம். "ஆமாப்பா, பயந்துட்டேன்" என்றாய்.

பஸ் ஸ்டாப்பில் நான் உன்னைத் திட்டிய திட்டு எனக்கு மறக்கவில்லை. என் வாழ்க்கையையே கெடுத்துவிட்டாய் என்றுகூடச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நீ சொன்னாய்: "இருநூறுன்னு போட்டா, பேசுன பதினோரு பேரும் பொய்யாயிருவாகடி."

"அப்ப வெளிய ஏன் உண்மையச் சொல்லல?"

"பொய்க்காரின்னு பேரு வந்தா உன்னைய எவன் டீம்ல சேப்பான்? உனக்குத்தான் வீட்டுல அம்புட்டுத் தொல்லை இருக்கு. என்னைய பயந்தாங்கொள்ளின்னா சொல்லிட்டுப் போறாங்க. விடு கழுத, பஸ்ஸு வந்துருச்சு. வாரேன்."

அடுத்த வருஷம் வேறு ஆட்களோடு சேர்ந்து ஜெயித்தேன். பெங்களூர் போனேன். அப்பாவும் வாக்கைக் காப்பாற்றினார். உன்னை எந்த அணியும் கூப்பிடவில்லை. பேச்சுப் போட்டி, விழாவைத் தொகுத்து வழங்குவது என்று எதற்காவது உன் பெயர் வந்தாலே "அவளா? ரிவர்ஸ் கியர் போட்டுருவா" என்பார்கள். அந்தக் கேலியை முதலில் ஆரம்பித்ததும் நான்தான். நீ ஊருக்குத் திரும்பிப் பால் சேகரிக்கும் மையம் ஒன்றைப் பார்த்துக்கொண்டாய். மாடு தீனி எடுக்கவில்லை என்றால் நீயே டாக்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவாயாம். யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

போன மழைக்காலத்தில் நாலே நாள் காய்ச்சல், போய்விட்டாய். வகுப்பு வாட்ஸ்அப்பில் இரங்கல் செய்திகளுக்கு நடுவே ஒருத்தி எழுதியிருந்தாள்: "பாவம், ரிமோட்டக்கூடத் தப்பா அமுக்குன பயந்த புள்ள." அதற்குக் கீழே நான் கும்பிடு எமோஜி போட்டேன். வேறு ஒரு வார்த்தை எழுதவில்லை. அன்றிலிருந்து எனக்கு எங்கும் இருப்புக்கொள்ளவில்லை.

இன்று மைக்கைக் கொடுக்கும்போதே ரெப் சிரித்துக்கொண்டிருந்தான். நான் ரிமோட்டைத் தூக்கிக் காட்டினேன். "என் பார்ட்னர் பயப்படல. தப்பாவும் அமுக்கல. அன்னைக்கு இந்த ஹால்ல பயந்தது நான் ஒருத்திதான்" என்று ஆரம்பித்து, கேன்டீன் டீ வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. கீழே இறங்கியதும் அதையே வகுப்பு வாட்ஸ்அப்பிலும் எழுதிப் போட்டேன்.

ஸ்கூட்டர் வரைக்கும் ரெப் கூடவே வந்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். "நானும் அவள எம்புட்டுக் கேலி பண்ணிருக்கேன்" என்றான். நான் வண்டியைக் கிளப்பும்போது, "அவ இருக்கும்போதே இதச் சொல்லிருக்கலாம்ல?" என்றான்.

தல்லாகுளம் ஆபீசுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை. நாளைக்கு ஒரு கம்பெனிக்கு நான் காட்ட வேண்டிய ஸ்லைடில் 'நூற்றுக்கணக்கான கடைக்காரர்கள்' என்று இருந்தது. நான் பேசியது பதினான்கு பேரிடம். பதினான்கு என்று திருத்திவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டுக் கைப்பையில் வைத்திருக்கிறேன். இனி அது என்னோடுதான் இருக்கும்.

நீ இருக்கும்போதே நான் வந்து மன்னிப்புக் கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். "விடு கழுத" என்றுதான் சொல்லியிருப்பாய். அதைக் கேட்பதற்காவது ஒரு தடவை நான் உசிலம்பட்டி பஸ் ஏறியிருக்கலாமடி.