முள் நூற்றுத்தொண்ணூற்றில் நின்றால்

14-10-91, திங்கள்

காலையிலிருந்து தூறல். பஞ்சு, ஸ்பிரிட் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

எங்கள் டிஸ்பென்சரி வண்டியில் ஏறவே எரிச்சல். வெளிநாட்டிலிருந்து தானமாக வந்த டீசல் பிக்கப். கிளச் கிடையாது, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். கியர்பெட்டி எண்ணெயின் சூட்டை ஃபாரன்ஹீட்டில் காட்டத் தனி மீட்டர். டிரைவர் ஏகாம்பரத்துக்கு அந்த மீட்டர்தான் எமன். முள் 190-ஐத் தொட்டால் ஓரம்கட்டி, அணைத்துவிட்டு, ஒரு பீடி.

"தண்ணி கொதிக்கவே 212 தான் சிஸ்டர். இன்னும் கொஞ்சம் போனா பொட்டி வெந்துடும். அப்பால என் தலைதான் உருளும்."

முன்பு இருந்த இடத்தில் லாரி எஞ்சின் ஜாம் ஆகி, பழி இவர்மேல் விழுந்ததாம். பாவம்தான். ஆனால் வல்லக்கோட்டை செல்வி? எட்டு மாதம், கால் வீக்கம், BP 150/100. வலி கண்டால் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிதான். வழியில் இவர் பீடி குடிக்கும்வரை அவள் தாங்குவாளா?

15-10, செவ்வாய்

மெட்ராஸ் ஆபீஸ் எஞ்சினியருக்குப் போன். ஒரே இரைச்சல், இருந்தாலும் புரிந்தது. நன்றாக ஓடியபின் 175 முதல் 200 வரை அதன் இயல்பு. பாரம், ஏற்றம் என்றால் கொஞ்சம் ஏறும், பிறகு இறங்கும். இறங்காமல் ஏறிக்கொண்டே போனால்தான் வியாதி. அப்போதும் எஞ்சினை உடனே அணைக்காதே, அது ஓடினால்தான் எண்ணெய் முன்பக்க ரேடியேட்டருக்குப் போய்க் காற்றில் ஆறும்.

நானே முன்சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். 190 வந்தது, அங்கேயே நின்றது.

"ஓடுற புள்ளைக்கு உடம்பு சுடாதா ஏகாம்பரம்? ஜுரம்னு மாத்திரை குடுப்பீங்களா?"

சிரித்துவிட்டார். "நீங்க சொன்னா சரி சிஸ்டர்." இன்று ஒரு பீடிகூட இல்லை!

ஆயுத பூஜை

வண்டிக்குக் கல்யாணக் கோலம். முன்பக்கம் முழுக்க நெருக்கி வாழைக்கன்று, மேலே சாமந்தி மாலை, மாவிலை. இரண்டு விளக்கு மட்டும்தான் தெரிகிறது. சர்ச்சுக்குப் போகிறவள் என்று என்னை விட்டுவிடவில்லை. பொரி, சுண்டல் ஒரு பொட்டலம். சுண்டலில் உப்பு தூக்கல்.

19-10, சனி

மதியம் செல்விக்கு வலி. தலைவலி, கண் மங்கல், BP 180. கடவுளே. பின்னால் பாயில் அவள், அவள் மாமியார், நான்.

ஒரகடம் தாண்டி, டிரைவர் முதுகுப் பக்க ஜன்னல் வழியாக மீட்டரை எட்டிப் பார்த்தேன். 205. சரி, பாரம். அப்புறம் 215. அப்புறம் 225. இறங்கவே இல்லை. ஏகாம்பரம் மிதித்துக்கொண்டே, "ஓடுற புள்ளதானே சிஸ்டர்!" என் பேச்சை எனக்கே. நிறுத்தினால் நேரம் போகும், நிறுத்தாவிட்டால் நடுரோட்டில் நிற்போம்.

"நிறுத்துங்க. எஞ்சினை அணைக்காதீங்க."

இறங்கி முன்னால் போனேன். வாழையும் மாலையும் அப்படியே. காற்று நுழைய விரல் அளவு இடம் இல்லை. சூடு ஏன் இறங்கும்?

ஏகாம்பரத்துக்குக் கை வரவில்லை. "பூஜை போட்டது சிஸ்டர்..." எனக்கும் வரவில்லை. வேறு சாமி கும்பிடுகிறவள் அறுத்தாள் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரும்.

பின்னாலிருந்து மாமியார்: "எங்க ஊரு முருகன் இன்னா கோச்சுக்குவானா? என் மருமவ துடிக்கிறா, நீங்க பூ பாத்துகினு நிக்கிறீங்களே! அறுத்துப் போடு!"

பிரசவப் பெட்டிக் கத்தரியால் அறுத்தேன். ஏகாம்பரம் வாழையைப் பிடுங்கி எறிந்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓடிப்போய் ஏறினார். 220. 210. சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே கேட் வரும்போது 195.

ஆஸ்பத்திரி வாசலில் செல்விக்கு வலிப்பு. உடனே ஆபரேஷன். பெண் குழந்தை, எடை குறைவு, நன்றாக அழுகிறது. செல்வி கண் திறக்கவில்லை.

20-10, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. வார்டிலேயே. BP இறங்குகிறது, நினைவு இல்லை. கைக்குட்டை தொலைந்தது. ஏகாம்பரமும் வீட்டுக்குப் போகவில்லை. "பொழைச்சுக்குவாளா சிஸ்டர்?" தெரியவில்லை என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

21-10, திங்கள்

வெயில். சாயந்தரம் செல்வி உதட்டை அசைத்தாள். குனிந்தேன்.

"பசிக்குது சிஸ்டர்."

மாமியார் ஓவென்று அழுதார். நானும்தான். ஏகாம்பரம் செருப்புகூட மாட்டாமல் இட்லிக் கடைக்கு ஓடினார். "இட்லி கூடாது, கஞ்சி! கஞ்சி!" என்று வராந்தாவில் நின்று கத்தினேன். காதில் விழுந்ததோ என்னவோ.