மோதிரத்துக்கு இரண்டு வயது

என் பிரியமுள்ள அப்பாவுக்கு,

நீங்கள் தேடியது கிடைத்துவிட்டது. தம்பி குடிவருவதற்காக உங்கள் சுவா சூ காங் வீட்டுச் சமையலறை அலமாரியைப் பெயர்த்தோம். அதன் பின்னால் இருந்த இடுக்கில் ஒரு மோதிரம், கறுத்துப்போய்க் கிடந்தது.

"பித்தளைக்கா. நாம வாங்குறதுக்கு முன்ன இருந்தவங்களோடதா இருக்கும்லா. தூக்கிப் போடு" என்றான் தம்பி.

விடுவேனா? பித்தளை என்றால் பச்சை பூத்திருக்குமே. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். பொன் நிறம் எட்டிப் பார்த்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால், சுற்றிலும் இலைக்கொடி. ஓரிடத்தில் மட்டும் வேலைப்பாடு அறுந்து வழவழவென்று இருந்தது. அந்தத் துண்டின் உள்பக்கம் மட்டும் 916 முத்திரை. பழைய சட்டையில் புதுத் துணியால் ஒட்டுப் போட்டால் எப்படித் தெரியும், அப்படி.

ஃபேரர் பார்க் பக்கத்துப் பத்தரிடம் போய், ஒட்டுப் போட்டது போலிருக்கிறது என்றேன். அவர் இரண்டு இடத்தையும் உரைகல்லில் தேய்த்தார்.

"நீங்க சொன்னது சரிதான். இந்தக் கோடு செவப்பா இருக்கு பாருங்க, செம்பு கூடச் சேர்ந்த பழைய தங்கம். கைவேலை, அறுபது வருஷத்துக்கு மேல இருக்கும். ஒட்டு புதுசு. பொம்பளைங்க மோதிரத்தை அறுத்துப் பெருசாக்கியிருக்காங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அம்மா தலை வாரிவிடும்போது என் காதோரம் உரசிய அதே இலைகள். அம்மா போன பிறகு மோதிரத்தைக் கேட்டதற்கு, "உங்க அத்தைக்குக் கொடுத்துட்டேன்" என்றீர்களே, அப்பா!

கடைசி மாதங்களில் மெத்தையைத் தூக்கித் தூக்கித் தேடினீர்கள். கேட்டால், "ஒண்ணுமில்லம்மா." மறதி நோய் முற்றிவிட்டது என்றே நினைத்தோம். உங்கள் விரல் மெலிந்து மோதிரம் நழுவியதை யாரிடம் சொல்வீர்கள்?

"அப்பா தெளிவாத்தான்க்கா தேடியிருக்காரு" என்றான் தம்பி.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வரும்போதெல்லாம் கழற்றி ஒளித்து வைத்தீர்களா? பெற்ற பிள்ளைகளிடம் என்னப்பா வெட்கம்?

ஒட்டை எடுத்துவிட்டுப் பழையபடி ஆக்கித் தரவா என்று பத்தர் கேட்டார். வேண்டாம் என்றேன். அம்மாவின் வயது ஒன்று, நீங்கள் சேர்த்த வயது ஒன்று, இரண்டும் இருக்கட்டும். எனக்குத் தொளதொளவென்றுதான் இருக்கிறது. அடியில் நூல் சுற்றிப் போட்டுக்கொண்டேன்.

யார் வந்தாலும் கழற்ற மாட்டேன், அப்பா.

உங்கள் மூத்த மகள்,
தேவகி