நெட்டையின் உயரத்துக்கு ஒரு வீடு

மார்ச் 4

என் நெட்டைக்கு,

போனில் பேசினால் நாலு வார்த்தையில் முடித்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். ஓய்வுப் பணம் கைக்கு வந்துவிட்டது. சிறியதாக ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாம் என்று ஆசை. இந்த விஷயத்தில் எனக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. வெளிநாட்டு வங்கியில் வீட்டுக்கடன் கொடுக்கும் மகளை வைத்துக்கொண்டு நான் ஏன் ஊராரைக் கேட்க வேண்டும்? விவரமாக எழுது. பேரனுக்கு முன்பல் விழுந்துவிட்டதாமே, சிரிக்கிற போட்டோ ஒன்று அனுப்பு.

உன் அம்மா

மார்ச் 15

அன்புள்ள அம்மாவுக்கு,

நல்ல யோசனை, ஆனால் அவசரப்படாதே. எல்லாப் பணத்தையும் வீட்டில் போட்டுவிடாதே. குழாய் உடையும், வீடு சில மாதம் காலியாகக் கிடக்கும். அதற்கென்று கொஞ்சம் ஒதுக்கி வை. மழை பெய்யும்போது போய்ப் பார், சுவர் உண்மையைச் சொல்லிவிடும். அக்கம்பக்கத்தில் என்ன வாடகை என்று தரகரைக் கேட்காதே, குடியிருப்பவர்களைக் கேள். பத்திரத்தில் வில்லங்கம் பார்க்க உனக்கென்று ஒரு வக்கீல் வேண்டும், விற்கிறவர் காட்டும் வக்கீல் வேண்டாம்.

முக்கியமானது ஒன்று. உனக்குப் பிடித்த வீட்டை வாங்காதே. குடிவருகிறவர்களுக்குப் பிடிக்கிற வீட்டை வாங்கு.

உன் நெட்டை

மார்ச் 29

நெட்டைக்கு,

இரண்டு வீடு பார்த்தேன். ஒன்று மருந்துக்கடைக்கு மேலே, இரண்டு சின்னப் போர்ஷன். பஸ் நிறுத்தமும் ஆஸ்பத்திரியும் எதிரெதிரே. நர்சுகள் போட்டி போட்டுக்கொண்டு கேட்கிறார்களாம். ஆனால் மாடிப்படி இருட்டு, பார்க்கவே அழுமூஞ்சி வீடு.

இன்னொன்றைக் கேள். தெருக்கோடியில் தனி வீடு. பின்அறையில் காலை வெயில் விழுகிறது, ஒரு பையன் உட்கார்ந்து படிக்கத் தோதானது. மதிலை ஒட்டிப் பள்ளிக்கூடம். அடுப்புமேடைதான் தாழ்வு. நாலு விரல் உயர்த்த முடியுமா என்று கேட்டேன். "ஏம்மா, யார் குடிவரப் போறாங்கன்னே தெரியாது, அவங்க உயரம் மட்டும் எப்படித் தெரியும்?" என்று தரகர் சிரித்தார். நானும் சிரித்து மழுப்பினேன். வாடகை கொஞ்சம் குறைவாகத்தான் வரும், பரவாயில்லை. உன் பதில் வரும்வரை முன்பணம் கொடுக்கவில்லை.

அம்மா

ஏப்ரல் 10

அம்மா,

உன் கடிதத்தை அலுவலகத்தில் படித்தேன். அடுப்புமேடை வந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதேன். குனிந்து சமைத்தால் எனக்கு இடுப்பு வலிக்கும் என்பது உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்?

இதைப் போனில் சொல்லத் தைரியமில்லை. ஜனவரியில் இங்கேயே ஒரு வீடு வாங்கிவிட்டோம். கடன் முடிய நெடுங்காலம் ஆகும். நாங்கள் திரும்பி வரப்போவதில்லை அம்மா. அந்தத் தெருக்கோடி வீட்டில் நீ இருக்க ஆசைப்பட்டால் தாராளமாக வாங்கு. எனக்காக வாங்காதே. என்னை எவ்வளவு திட்டினாலும் சரி, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் மகள்

ஜூன் 12

அடி நெட்டை,

கோபம்தான். இல்லை என்று எழுதினால் நம்புவாயா? அதனால்தான் உன் போனை எடுக்கவில்லை. ஜனவரியில் நடந்ததை ஏப்ரலில் சொல்லும் மகளை என்ன செய்வது? இரண்டு நாள் வீட்டில் சட்டி பானையை உருட்டினேன். பிறகு பசித்தது, சாப்பிட்டேன்.

மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் வீட்டை வாங்கிவிட்டேன். "அந்தத் தனி வீட்டு மேல உயிரா இருந்தீங்களேம்மா?" என்றார் தரகர். "அதில குடியிருக்க நான் நினைச்ச ஆள் வரலைங்க" என்றேன். மழையில் போய்ப் பார்த்தேன், கூரையில் ஒரு மூலை ஒழுகியது, அதைக் காட்டி விலையைக் குறைத்தேன். வக்கீலும் நானே பிடித்தேன். நர்சுகள் குடிவந்துவிட்டார்கள், கெட்டிக்காரப் பெண்கள். அந்தப் பள்ளிக்கூட மதில் பக்கம் மட்டும் கொஞ்ச நாளைக்கு நான் போவதாக இல்லை.

நீ வரமாட்டேன் என்று எழுதிவிட்டாய். நான் வரக்கூடாது என்று யாரும் எழுதவில்லையே. முதல் வாடகையில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டேன். இனி வருவதை டிக்கெட்டுக்குச் சேர்க்கிறேன். உன் புது வீட்டில் ஒரு அறை கூடுதலாக இருக்கிறதா? இருந்தால், அதை வாடகைக்கு விட்டுவிடாதே.

அம்மா