சனிக்கிழமை தேவாரம் போனவளுக்கு

அன்புள்ள சிவரஞ்சனிக்கு,

போடியிலிருந்து அருள்பாண்டி எழுதுவது. நானும் அனுப்பிரியாவும் நலம். பயிற்சிக்குப் போன இடத்தில் சென்னைச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா? போனில் பேசினால் உன்னைச் சுற்றி ஆட்கள் இருக்கிறார்கள். நானும் இரண்டாவது வார்த்தையிலேயே குரலை உயர்த்திவிடுகிறேன். அதனால்தான் கடிதம்.

மலைமேட்டில் நல்ல மழை. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பெல்லாம் பகலிலேயே விளக்குப் போட்டுத்தான் ஏறுகின்றன. என் ஜீப்புக்கும் எனக்கும் ஓய்வில்லை. நான் வரும்வரை அனுவை என் அக்கா பார்த்துக்கொள்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருடம் பள்ளி திறந்ததிலிருந்து சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறித் தேவாரம் போனாய். கேட்டால் டீச்சர்கள் கூட்டம் என்றாய். இத்தனை வருடம் பாடம் நடத்தியவளுக்கு லீவு நாளில் என்ன கூட்டம்? திரும்பி வரும்போது உன் முகத்தில் ஒரு தெளிச்சி இருக்கும். அதுதான் என்னை உறுத்தியது. ஒருநாள் பின்னாலேயே வந்து, அந்த ஊர்ப் பள்ளிக்கூட ஜன்னலோரம் நின்றேன். ஜன்னல் வழியாக நீயும் என்னைப் பார்த்தாய். இதுவரை இரண்டு பேருமே அதைப் பேசவில்லை.

பிள்ளைகள் பெஞ்சில் நாலைந்து ஆசிரியர்கள் நெருக்கி உட்கார்ந்திருக்க, நீ அவர்களையே பிள்ளைகளாக வைத்துப் போர்டில் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தாய். முடித்ததும் ராசிங்காபுரத்து ராஜாராம் சார் எழுந்து, "கேள்வியும் நீங்களே கேட்டு, பதிலும் நீங்களே சொல்லிட்டீங்க டீச்சர். பிள்ளைக எப்ப யோசிக்கிறது?" என்றார். நீ சிரித்துக்கொண்டே, "ஆமா சார், இன்னொரு தடவ நடத்துறேன்" என்றாய். குழம்பில் உப்புக் குறைவு என்று நான் சொன்னால் முகம் கொடுத்துப் பேச மாட்டாய். அந்த ஆள் குறை சொன்னால் மட்டும் எப்படிச் சிரிப்பு வந்தது? அன்றிலிருந்து அவர் பேரைக் கேட்டாலே எனக்கு ஆகவில்லை.

போன வாரம் அவரே ஜீப் ஸ்டாண்டுக்கு வந்து என் கையைப் பிடித்தார். "டீச்சர அங்கயே ஒரு வருஷம் இருந்து மத்தவங்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்றாங்களாமே, சந்தோஷம்ணே" என்றார். முன்பே தெரிந்தவன் மாதிரி தலையாட்டினேன்.

நேரே உன் பள்ளிக்கூடம் போய் கிரேஸ் டீச்சரைக் கேட்டேன். "கூப்புட்டது நெசந்தாண்ணே. ராஜாராம் சார் சம்சாரமும் அந்தப் பயிற்சியிலதான் இருக்காங்க, அவுக சொல்லியிருப்பாக. சிவரஞ்சனி இன்னும் சரின்னு சொல்லல. போன வருஷமும் பயிற்சிக்குக் கூப்புட்டாங்க, வேண்டாம்னுட்டா. வீட்ல கேக்கவே பயமா இருக்குன்னு சொன்னா" என்றார். நீ சொல்லிக்கொடுத்து அப்படிப் பேசினாரோ என்றுகூட வழியெல்லாம் யோசித்தேன். உன்மேல் ஒருநாளும் நான் கைநீட்டியதில்லை. பிறகு என்ன பயம்? வளைவில் ஜீப்பைத் திருப்பும்போதெல்லாம் மனசில் இதுதான் ஓடுகிறது.

நேற்று அனுவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். விடையைச் சொல்ல வாயெடுத்ததும், "சும்மா இருங்கப்பா. அம்மா இப்பல்லாம் வகுப்புல நாங்க சொல்ற வரைக்கும் பொறுத்திருப்பாங்க. தப்பாச் சொன்னா, எப்பிடி வந்துச்சுன்னு கேப்பாங்க" என்றாள். முதலில் தப்பாகத்தான் போட்டாள். எப்படி வந்தது என்று கேட்டேன். சொல்லிக்கொண்டே வந்தவள், பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டு அவளே திருத்திவிட்டாள். நீ தேவாரம் போனது இதற்குத்தான் என்று மனசு ஒத்துக்கொள்கிறது. ஆனாலும், ராஜாராம் சம்சாரம் தன் புருஷனிடம் சொன்ன சேதியை நீ என்னிடம் சொல்லவில்லையே என்ற இடத்தில் வந்து நின்றுவிடுகிறது.

சென்னை ரயில் இப்போது போடி வரைக்கும் வருகிறது. பயிற்சி முடிந்து நீ வருகிற தேதியை எழுது, ஜீப்பைக் கழுவி ஸ்டேஷனில் நிற்கிறேன். அங்கேயே ஒரு வருடம் இருக்கப் போகிறாய் என்றாலும் எழுது. இரண்டில் எதுவானாலும் நீ சொல்லி நான் கேட்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். உனக்கு எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும்.

உன்
அருள்பாண்டி