இருட்டறைத் தளிர்

ஏப்ரல் 3

அன்பு வீட்டுக்காரருக்கு,

நலம். நீங்களும் நம் வாலுப் பெண்ணும் நலமா? அப்பா தைத்த சட்டையில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை என்று எழுதியிருக்கிறாள் மகள். ஊருக்கெல்லாம் தைக்கிறவரின் பெண்ணுக்கு இந்தக் கதியா?

இங்கே ஆய்வுக்கூடத்தில் எல்லாம் தலைகீழ். குடுவையில் வளர்க்கும் வேர்த்துண்டுகளுக்குள் வெளிச்சத்தை உணரும் நிறமி இருக்கிறது என்றேனே. சிவப்பு விளக்கில் வைத்தால் அது விழித்துக்கொண்டு வேரிலிருந்தே தளிர் கிளம்பும். இருட்டில் வேர் வேராகவே நீளும். இன்று பார்த்தால் இருட்டறைக் குடுவைகளிலும் தளிர்! "ஏதோ கோளாறு. அதை விட்டுட்டு மிச்சத்தை எழுதிக் குடுத்துட்டு ஊருக்குக் கிளம்பும்மா" என்கிறார் பேராசிரியர். விட்டால் மாதக் கடைசியில் வீடு. மறுபடி செய்தால் இன்னும் மூன்று மாதம். மனசு கேட்கவில்லை. என்ன செய்யட்டும்?

உங்கள்
இருட்டறைக்காரி

ஏப்ரல் 9

அன்புள்ள இருட்டறைக்காரிக்கு,

கை நீளம் உண்மைதான். அளவெடுக்கும்போது உன் மகள் நின்றால்தானே! "அம்மா எப்ப வருவா?" என்று தினமும் உயிரை வாங்குகிறாள். எனக்கும் அதே கேள்விதான். பேசாமல் வந்துவிடேன்.

ஆமாம், வெளிச்சம் எப்படி உள்ளே போனது? கதவு இடுக்கைப் பார்த்தாயா?

உன்
தையல்காரன்

ஏப்ரல் 14

அன்பானவருக்கு,

கதவில் இடுக்கே இல்லை. கோளாறு நான்தான். உங்கள் கடிதத்தை எல்லோர் முன்னாலும் பிரிக்க வெட்கம். இருட்டறைக்குள் போய் டார்ச் அடித்துப் படிப்பேன். ஒரு தடவையோடு ஆசை அடங்குகிறதா? அந்தத் துளி வெளிச்சமே போதுமாம் இந்த வேர்களுக்கு!

பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். "நல்ல ஆளும்மா நீ!" என்று தலையில் அடித்துக்கொண்டார். முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். வாலிடம் எப்படிச் சொல்வீர்களோ, எனக்கு அழுகையாக வருகிறது. கோபமா?

உங்கள்
அசடு

ஏப்ரல் 20

அன்பு மனைவிக்கு,

இனி உனக்குக் கடிதம் எழுதுவதாக இல்லை.

கோபம் வந்தது, மறைப்பானேன். சாயங்காலம்வரை கத்தரிக்கோலைத் தொடவில்லை. அப்புறம், என் கிறுக்கலுக்காக ஒருத்தி இருட்டில் டார்ச்சும் கையுமாக நின்றிருக்கிறாள் என்று நினைத்ததும் வாயெல்லாம் பல். வாலிடம் சொன்னேன். அவள் அழவே இல்லை. "அம்மா வேலையை முடிக்கட்டும். நாம அங்க போனா என்னப்பா?" என்றாள். இந்த மரமண்டைக்கு அது தோன்றவில்லை பார்!

பள்ளிக்கூடம் லீவு விட்டாயிற்று. கடையைத் தம்பி பார்த்துக்கொள்வான். தையல் மிஷின் எங்கே போட்டாலும் ஓடும். வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வருகிறோம். ஸ்டேஷனுக்கு வந்து மிஷினுக்கு ஒரு கை பிடி.

உன்
வீட்டுக்காரன்